ஒரே ஒரு சாயங்காலம்: கபுகியா, நோவா, புன்ராகுவா?

ஜப்பானுக்கு முதல் தடவை போகிறவர்கள் கோயில், மலை, ரயில், சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கி முடித்த பிறகு, கடைசியில் ஒரு சாயங்காலம் மிஞ்சும். அந்த ஊர் நாடகம் ஒன்றைப் பார்த்துவிடலாமே என்று அப்போதுதான் தோன்றும். தேட ஆரம்பித்தால் கபுகி, நோ, புன்ராகு என்று மூன்று வந்து நிற்கும். பெயர் தெரிந்திருக்கும், வித்தியாசம் தெரியாது. தப்பானதைத் தேர்ந்தெடுத்து, மூன்று மணி நேரம் கொட்டாவி விட்டுத் திரும்பி, "ஜப்பான் நாடகமெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படிச் சொன்னவன்தான்.

எது பழையது, எது உசத்தி என்று பார்த்து முடிவு செய்யப் போனால் ஒன்றும் நடக்காது. மூன்றையுமே யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தாயிற்று: 2001-ல் நோ, 2003-ல் புன்ராகு, 2005-ல் கபுகி. ஜப்பானிய மொழி தெரியாத நாம் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. மொழி தெரியாமல் போய் உட்கார்ந்தால் எதில் எவ்வளவு நழுவிப்போகும், எதில் எவ்வளவு கையில் நிற்கும்? எனக்கு அந்த மொழி ஓட்டலில் இன்னொரு கிண்ணம் சோறு கேட்கும் அளவுக்குத்தான் வரும். அதனால் இது வெளியே நின்று ரசிக்கிறவன் போடும் கணக்கு.

டோக்கியோவில் இருக்கிறீர்கள், கையில் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், கபுகி. கின்சாவில் கபுகி-சா என்ற அரங்கம் இருக்கிறது. ஹிகாஷி-கின்சா ரயில் நிலையத்திலிருந்து பூமிக்கடியிலேயே நடந்து போய்விடலாம். 1889-ல் முதலில் திறந்தார்கள். தீ, நிலநடுக்கம், விமானக் குண்டுவீச்சு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இப்போது நிற்பது ஐந்தாவது கட்டடம், 2013-ல் திறந்தது. வருடத்தில் பெரும்பாலான மாதங்களில் ஆட்டம் உண்டு. முழு நிகழ்ச்சி நாலு மணி நேரம் வரை இழுக்கும், நல்ல இருக்கைக்கு 15,000 யென்னுக்கு மேல் ஆகும். ஆனால் நாலாவது மாடியில் ஓர் அங்கத்துக்கு மட்டும் தனியாக டிக்கெட் தருகிறார்கள். பெரும்பாலும் 1,000 முதல் 2,000 யென்தான். நடிகரின் முகம் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும். பரவாயில்லை. உச்சி மாடிக்கு ஒரு தனி லாபம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கபுகியை 1603-ல் கியோட்டோவில் தொடங்கிவைத்தவர் ஒரு பெண், இசுமோ நோ ஒகுனி. 1629-ல் பெண்கள் மேடையேற அரசு தடை போட்டது. அவர்கள் இடத்துக்கு வந்த இளவட்டப் பையன்களுக்கும் 1652-ல் தடை. மிச்சம் இருந்தது வளர்ந்த ஆண்கள். அதனால் ஒரு பெண் ஆரம்பித்த கலையில் இன்றுவரை பெண் வேடம் கட்டுவது ஆண்கள். அவர்களுக்கு ஒன்னகதா என்று பெயர். நம் பழைய நாடகக் கம்பெனி ஸ்திரீபார்ட் மாதிரிதான், ஆனால் அங்கே அது வழக்கொழியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பந்தோ தாமசபுரோ இன்றும் அந்த வேடங்களுக்காகவே கொண்டாடப்படுகிறார்.

கபுகியில் கண்ணுக்குத் தீனி அதிகம். மேடையின் இடப்பக்கத்திலிருந்து பார்வையாளர்களின் நடுவே பின்சுவர் வரைக்கும் ஒரு நடைமேடை ஓடும், ஹனமிச்சி என்பார்கள். முக்கியமான வருகையும் போக்கும் அதில்தான். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது நடிகர் தலையை ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணை உருட்டி, அப்படியே சிலையாக நிற்பார். அதற்கு மியே என்று பெயர். மேடை ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து இரண்டு மரக்கட்டைகளால் பலகையில் படபடவென்று அடிப்பார். முகத்தில் சிவப்புக் கோடு என்றால் வீரன், நீலம் என்றால் கெட்டவன் என்று ஊகித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். இதற்கெல்லாம் மொழி எதற்கு?

சரி, உச்சி மாடி லாபம். மியே நிற்கும் அந்த நொடியில் மேலே, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வெடிக்கும்: "நாரிதயா!" அது நடிகரின் குடும்பப் பட்டப்பெயர். இச்சிக்காவா தன்ஜுரோவின் குடும்பம் என்றால் நாரிதயா, தாமசபுரோ என்றால் யமதோயா. கத்துகிறவர்கள் பழுத்த ரசிகர்கள். அரை வினாடி தப்பினாலும் காட்சி கெட்டுப்போகும் என்பதால் அவர்களும் ஒருவகையில் நடிகர்களே. கீழே 15,000 யென் இருக்கையில் இருப்பவருக்கு அந்தக் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். மாடியில் உங்கள் காதுக்குள்ளேயே கேட்கும்.

அங்கேதான் நமக்கு நழுவுவதும் தெரியவரும். அந்த ரசிகர் நடிகரை மட்டும் பார்ப்பதில்லை. அவருடைய அப்பாவின் கைவீச்சையும் தாத்தாவின் கழுத்துத் திருப்பத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். தன்ஜுரோ என்ற பெயர் பதின்மூன்றாவது தலைமுறைக்கு 2022-ல்தான் வந்தது. போதாக்குறைக்கு, கபுகி நிகழ்ச்சியில் பெரும்பாலும் ஒரு நீண்ட நாடகத்தின் ஓர் அங்கம், இன்னொன்றிலிருந்து ஓர் அங்கம், நடுவே ஒரு நடனம் என்று கலந்து கட்டுவார்கள். முன்கதை அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. சாயங்காலம் முழுக்க அழகான துண்டுகள் கிடைக்கும், துணி கிடைக்காது.

இதற்கு விலக்கு கஞ்சின்சோ. 1840-லிருந்து ஆடப்படும் இந்த நாடகம் நிகழ்ச்சி நிரலில் இருந்தால் விடாதீர்கள். அண்ணனுக்குப் பயந்து தப்பியோடும் யோஷிட்சுனே சுமைகூலி வேடத்தில் இருக்கிறான். கூட வரும் பென்கெய் துறவி வேடம். கோயில் கட்ட நன்கொடை திரட்டுகிறோம் என்று சோதனைச் சாவடியில் சொல்கிறார்கள். "அப்படியானால் நன்கொடை ஏட்டைப் படி" என்கிறான் காவல் அதிகாரி. பென்கெய் வெற்றுச் சுருளை விரித்து, இல்லாத எழுத்தைக் கணீரென்று படிக்கிறான். அதிகாரி எட்டிப் பார்க்கிறான், பென்கெய் சுருளைச் சட்டென்று திருப்புகிறான். அப்புறம் சந்தேகத்தைத் தீர்க்கத் தன் எஜமானனையே தடியால் அடிக்கிறான். அதிகாரிக்கு உண்மை புரிந்துவிடுகிறது, புரிந்தும் போகவிடுகிறான். திரை மூடியபின் பென்கெய் மட்டும் ஹனமிச்சியில் தனியாக நின்று, ஒற்றைக் காலில் எம்பி எம்பித் தாவிக்கொண்டே போவான். அரங்கமே கைதட்டும். கதை தெரிந்துவிட்டால் ஒரு வார்த்தையும் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் இந்தமாதிரி எஜமான விசுவாசக் கதைகளை நிலப்பிரபுத்துவக் கழிசடை என்று தடுத்து வைத்திருந்தது. நாடகத் தணிக்கை வேலைக்கு வந்த ஃபோபியன் பவர்ஸ் என்ற அமெரிக்கர் போருக்கு முன்பே கபுகி பைத்தியம். ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்து மேடைக்குத் திரும்பவைத்தார். கபுகியைக் காப்பாற்றிய மனிதர் என்றே அவருக்குப் பெயர் வந்தது. அந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அவர் பிற்பாடு மணந்துகொண்டது சென்னையில் பிறந்த எழுத்தாளர் சாந்தா ராமராவை.

அடுத்தது நோ. கஞ்சின்சோவின் மூலக்கதையே 'அதாக்கா' என்ற நோ நாடகம்தான். கபுகிக்காரர்கள் கதையோடு பின்சுவர் ஓவியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். நோ மேடையில் எந்த நாடகமானாலும் பின்னால் ஒரே ஒரு பைன் மரம்தான். காட்சி மாறாது, திரை கிடையாது. ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த சதுரம், நாலு தூண், கட்டடத்துக்குள்ளேயே இருந்தாலும் மேடைக்குத் தனிக் கூரை. இடப்பக்கம் ஒரு பாலம் மாதிரி நீண்ட தாழ்வாரம். அதில் வெள்ளைக் காலுறை தரையை விட்டு எழாமல் வழுக்கிக்கொண்டே ஒருவர் வருவார். வருவார், வருவார், வந்துகொண்டே இருப்பார்.

பதினான்காம் நூற்றாண்டின் பின்பாதியில் கன்னாமி, அவர் மகன் செயாமி இரண்டு பேரும் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர் (ஷோகன்) அஷிகாகா யோஷிமிட்சுவின் ஆதரவில் உருவாக்கிய வடிவம் இது. பாடல் வரிகள் அந்தக் காலத்து மொழியில் இருக்கின்றன, முகமூடிக்குப் பின்னாலிருந்து வருகின்றன. பக்கத்தில் இருக்கும் டோக்கியோக்காரருக்கும் புரியாது. பலர் மடியில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வரி பிடிப்பார்கள். மொழிக் கணக்கில் பார்த்தால் நாம் எல்லாருக்கும் சமமாக உட்காரும் ஒரே அரங்கம் இதுதான். இன்னொரு வேடிக்கை: சென்தகாயாவில் 1983-ல் திறந்த தேசிய நோ அரங்கில் முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை வைத்து ஆங்கிலத்தில் வரிகளைக் காட்டுகிறார்கள். ஆக, மூன்றில் கடினமானதற்குத்தான் வசதி அதிகம். ஆனால் அதைப் படித்துக்கொண்டே இருந்தால் முகமூடி போய்விடும்.

ஹினோகி மரத்தில் செதுக்கிய இளம்பெண் முகமூடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நடிகர் அரை அங்குலம் நிமிர்ந்தால் வெளிச்சம் ஏறி முகம் மலரும். அரை அங்குலம் குனிந்தால் நிழல் விழுந்து முகம் வாடும். நிமிர்த்துவதற்கு அவர்கள் சொல்வது 'ஒளிரவைத்தல்', குனிவதற்கு 'மேகம் போடுதல்'. கண் ஓட்டை மிகவும் சின்னது என்பதால் நடிகருக்கே மேடை சரியாகத் தெரியாது. முன்மூலைத் தூணைப் பார்த்துத்தான் தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடுவார்.

'ஆவோய் நோ உவே' என்ற நாடகத்தில் நோயாளிப் பெண்ணாக மேடையில் யாருமே கிடையாது. மடித்த ஒரு பட்டு அங்கியைத் தரையில் விரித்து வைக்கிறார்கள். அதுதான் அவள். அவள்மீது பொறாமை கொண்ட இன்னொரு பெண்ணின் ஆவி வந்து, விசிறியால் அந்தத் துணியை ஓங்கி அடிக்கிறது. ஒரு துணி அடிபட்டதற்கு நான் பதறினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? அது மூன்றாவது தடவை பார்த்தபோது. முதல் தடவை நன்றாகத் தூங்கினேன். பக்கத்தில் இருந்த பெரியவரும் தூங்கினார். விழித்தபோது மேடையில் அதே ஆள் அதே இடத்தில்தான் இருந்தார். அதனால்தான் ஒரே ஒரு சாயங்காலம் வைத்திருப்பவருக்கு நோவைச் சொல்லத் தயங்குகிறேன். நோ இரண்டாவது முறை பார்க்கும்போது ஆரம்பிக்கும் கலை.

இன்னொரு தடை நாள். கபுகி வாரக்கணக்கில் ஓடும். நோவில் ஒரு நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரே நாள், ஒரே தடவை. உங்கள் தேதிக்கு என்ன விழுகிறதோ அதுதான். மே மாதம் நாராவில் இருந்தால் கொஃபுகுஜி கோயிலில் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடுவதைப் பாருங்கள். அங்கே தூக்கம் வராது.

நோ நிகழ்ச்சிகளில் நடுவே வரும் கியோகென் என்ற சின்ன நகைச்சுவை நாடகத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அரை மணி நேரம், பெரும்பாலும் முகமூடி கிடையாது, குழந்தைகளுக்கும் புரியும். தான் இல்லாத நேரத்தில் வேலைக்காரர்கள் சாராயத்தைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று ஒருவனைக் கம்போடு சேர்த்துக் கைகளை நீட்டிக் கட்டுகிறார் எஜமான், இன்னொருவனைக் கையைப் பின்னால் கட்டுகிறார். கட்டோடு எப்படிக் குடிக்கிறார்கள் என்பதுதான் மிச்ச நாடகம். ஜப்பானிய இலக்கியத்துக்கே வாழ்நாளைக் கொடுத்த டொனால்ட் கீன், ஐம்பதுகளில் கியோட்டோவில் படிக்கும்போது ஆர்வம் தாங்காமல் கியோகென் கற்றுக்கொண்டு, 1956-ல் டோக்கியோவில் ஒரு நோ மேடையில் வேலைக்காரன் வேடம் கட்டி ஆடினார். பார்க்க வந்தவர்களில் எழுத்தாளர்கள் தனிசாகியும் மிஷிமாவும் இருந்தார்கள். நியூயார்க்கில் பிறந்த கீன், 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். சின்னப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் கியோகென் மட்டும் நடக்கும் நாள் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது என் கட்சி: புன்ராகு என்ற பொம்மலாட்டம். ஒசாகாவுக்குப் போகிற வழி இருந்து, தேதியும் ஒத்துவந்தால் மற்ற இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு இதற்குப் போங்கள். நிப்போன்பாஷியில் 1984-ல் திறந்த தேசிய புன்ராகு அரங்கம். கட்டணம் கபுகியின் நல்ல இருக்கையில் ஏறத்தாழ பாதி. வழக்கமாக ஜனவரி, ஏப்ரல், ஜூன், ஜூலை-ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் ஆட்டம். மற்ற மாதங்களில் குழு டோக்கியோவிலோ வேறு ஊர்களிலோ இருக்கும். டோக்கியோ தேசிய அரங்கத்தை 2023 அக்டோபரில் மூடிவிட்டதால் அங்கே ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மண்டபம்.

பொம்மலாட்டம் என்றதும் குழந்தைகள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொம்மைக்கு மூன்று ஆள். தலையும் வலக்கையும் தலைமை ஆட்டக்காரருக்கு, இடக்கை ஒருவருக்கு, கால் ஒருவருக்கு. காலுக்குப் பத்து வருடம், இடக்கைக்குப் பத்து வருடம் என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு உண்டு. மற்ற இருவரும் கறுப்புத் துணியால் முகத்தை மூடியிருப்பார்கள். முக்கியமான காட்சிகளில் தலைமை ஆட்டக்காரர் மட்டும் முகம் தெரிய நிற்பார். "கொஞ்ச நேரத்தில் ஆட்களை மறந்துவிடுவோம்" என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதும். எனக்கு ஒருநாளும் மறந்ததில்லை. பொம்மை துடித்து அழுகிறது, அதன் தோளுக்கு மேலே ஒரு கிழவரின் முகம் கல் மாதிரி அசையாமல் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதுதான் எனக்குப் புன்ராகு.

பெண் பொம்மைகளுக்குப் பொதுவாகக் காலே கிடையாது. கால் ஆட்டக்காரர் கிமோனோவின் விளிம்பை உள்ளிருந்து கைமுட்டியால் தள்ளுவார். அது முழங்காலாகத் தெரியும், நடையாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்டு 'சோனெசாகி ஷின்ஜூ' பார்க்க வேண்டும். 1703-ல் ஒசாகாவில் சோயா சாஸ் கடைச் சிப்பந்தி ஒருவனும் ஒரு தாசிப் பெண்ணும் சோனெசாகி காட்டில் சேர்ந்து உயிரை விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் சிக்கமட்சு மொன்சயெமோன் அதை நாடகமாக எழுதித் தகெமோட்டோ அரங்கில் ஏற்றிவிட்டார். அதில் ஒரு காட்சி. அவள் இருக்கும் வீட்டின் திண்ணைக்கு அடியில் காதலன் ஒளிந்திருக்கிறான். மேலே அவள் உட்கார்ந்திருக்கிறாள், எதிரில் அவனை ஏமாற்றியவன் வாய்க்கு வந்தபடி பேசுகிறான். சாகத் தயாரா என்று அவள் கேட்க வேண்டும், வாயால் கேட்க முடியாது. தொங்கவிட்ட பாதத்தால் கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து, கத்தியைப் போல இழுத்துக் காட்டுகிறான். காலே இல்லாத பொம்மைக்கு இந்த ஒரு காட்சிக்காக மட்டும் ஒரு வெள்ளைப் பாதம் வரும். பல காலம் ஆடப்படாமல் கிடந்த இந்த நாடகத்தை 1955-ல் மீண்டும் எடுத்தபோது அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். மொழி தெரிந்தவனுக்கும் அங்கே மொழி கிடையாது.

அப்புறம் குரல். மேடைக்கு வலப்பக்கம் தனியாக ஒரு சின்ன மேடை. அதில் தாயூ என்ற கதைப்பாடகரும் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவரும். கிழவி, குழந்தை, வில்லன், வர்ணனை எல்லாமே அந்த ஒரே தொண்டை. வயிற்றில் இறுக்கிக் கட்டி, மடியில் மணல் பை வைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து எடுக்கிறார்கள். ஓர் அழுகையை மூன்று நிமிடம் இழுத்து, விக்கலாகி, இருமலாகி, கடைசியில் மூச்சு மட்டும் மிஞ்சும்போது பக்கத்து இருக்கைப் பாட்டி கைக்குட்டையை எடுக்கிறார். மேலே ஓடும் எழுத்துகள் ஜப்பானியம், நமக்கு உதவாது. ஆங்கிலக் கதைச்சுருக்கத்தைப் பத்து நிமிடம் முன்பே வந்து படித்துவிட்டால் போதும், அந்தத் தொண்டை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கபுகியின் பெரிய நாடகங்களில் பல இங்கிருந்து போனவைதான். 1748-ல் வந்த 'கனதெஹோன் சூஷிங்குரா' முதலில் பொம்மைகளுக்கு எழுதியது.

குறை இல்லாமல் இல்லை. பொம்மையின் முகம் சின்னது, பின் வரிசையில் இருந்தால் தொலைநோக்கி வேண்டும். ஆட்டம் நீளும். தேதி ஒத்துவராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அப்போது தயங்காமல் கின்சா நாலாவது மாடிக்குப் போய்விடுங்கள். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கும் கபுகிதான் சௌகரியம்: இடைவேளை உண்டு, மதியப் பெட்டிச் சாப்பாடு உண்டு. மாகுனோஊச்சி என்ற அந்தப் பெட்டிச் சாப்பாட்டின் பெயரே திரைகளுக்கு நடுவே என்ற பொருளில் அரங்கத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கியோட்டோவில் பல கலைகளை ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும் நிகழ்ச்சியும் இருக்கிறது. இலையில் ஊறுகாயை மட்டும் தொட்டுவிட்டு எழுந்த கல்யாணச் சாப்பாடு அது. வேறு வழியே இல்லையென்றால் போகலாம்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். கபுகியில் கீழே உட்காரக் காசு இருந்தால் இடப்பக்கம், ஹனமிச்சியை ஒட்டி. நோவில் மேடைக்கு நேர் எதிரே. மூலையில் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் தூண் மறைக்கும். ஒசாகாவில் வலப்பக்கம், முன் வரிசை கேளுங்கள். பொம்மைகளைக் கொஞ்சம் பக்கவாட்டில்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தச் சின்ன மேடை சுழன்று தாயூவை உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். கறுப்பு உடை ஆள் பெயரை அறிவிப்பார். தாயூ எதிரில் இருக்கும் புத்தகத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, நெற்றிக்கு உயர்த்தி, தலை குனிந்து வணங்கிவிட்டுக் கீழே வைப்பார். ஷாமிசெனில் முதல் மீட்டு விழும்.